மூன்றாவது எண்ணைக் கவனித்தீர்களா? ஓய்வில் இருக்கும் இதயம் சொல்லும் சேதி

கிளினிக்கிலோ வீட்டிலோ ரத்த அழுத்தம் பார்க்கும்போது கருவியின் திரையில் மூன்று எண்கள் தெரியும். மேலே இருக்கும் இரண்டையும் எல்லாரும் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். “நூத்தி முப்பத்தெட்டுக்கு எண்பத்தி நாலு” என்று தாதி சொன்னதை வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பிக்கிறோம். அடியில், பெரும்பாலும் ஒரு சிறிய இதயப் படத்தோடு இருக்கும் மூன்றாவது எண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு நிமிடத்துக்கு உங்கள் இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்பதே அந்த எண்.

இதை எழுதத் தூண்டியது என் அம்மாவின் கிளினிக் புத்தகம். ரத்தக் கொதிப்புக்காக நான்கு மாதத்துக்கு ஒருமுறை போய் வருபவர். இரண்டு ஆண்டுகளில் அந்த மூன்றாவது எண் 74, 78, 86, 94, 102 என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒழுங்காக எழுதியிருக்கிறார். ஒருவரும் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை, நான் உட்பட. அம்மா இளைத்துப்போனதை “இனிப்பைக் குறைத்துவிட்டார், நல்லதுதானே” என்றோம். படபடப்பு என்று அவர் சொன்னபோது “வயசாச்சு, எதையாவது நினைத்துக் கவலைப்படாதீங்க” என்றோம். கடைசியில் ஓர் இளம் மருத்துவர்தான் பின்பக்கங்களைப் புரட்டிவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் எண் மீண்டும் 76-க்கு வந்தது.

இதய நோய் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. ஒவ்வொரு குடும்பத்திலும் ஐம்பது வயதைத் தாண்டுவதற்குள் மாரடைப்பு கண்ட ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். மலேசியச் சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். பல நாடுகளை ஒப்பிட்ட ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. இப்படிப்பட்ட பின்னணியில், காசு செலவில்லாமல் கைக்கு எட்டும் ஒரு தகவலைக் கண்டுகொள்ளாமல் விடுவது வீண்.

எது சரியான எண்?

பெரியவர்களுக்கு ஓய்வுநிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது பாடப்புத்தகக் கணக்கு. நடைமுறையில், நலமாக இருக்கும் பெரும்பாலோருக்கு அது 50-க்கும் 90-க்கும் இடையில்தான் இருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிடச் சில துடிப்புகள் கூடுதல். குழந்தைகளின் கணக்கு வேறு. பிறந்த குழந்தைக்கு 140 துடித்தாலும் அது இயல்பே. நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் 40 முதல் 50 வரை இருப்பது சாதாரணம்.

ஆளுக்கு ஆள் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கைக்கடிகாரக் கருவிகள் காட்டிவிட்டன. அமெரிக்காவில் 92,457 பேரின் தரவுகளைக் கொண்டு 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓய்வுநிலைத் துடிப்பு 40 முதல் 109 வரை பரவியிருந்தது. ஆனால் ஒரே ஆளிடம் அது வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு 58, எனக்கு 72 என்று ஒப்பிட்டு வருந்துவதில் பயனில்லை. உங்களுக்கு வழக்கமாக எவ்வளவு, அதிலிருந்து இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கேள்வி.

துடிப்பின் வேகத்தை யார் முடிவு செய்வது?

இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசுக்கட்டு இருக்கிறது. மின்தூண்டல் அங்கிருந்துதான் புறப்படுகிறது. யாரும் தலையிடாமல் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஆனால் மூளையிலிருந்து இறங்கிவரும் ‘வேகஸ்’ என்னும் நரம்பு எந்நேரமும் அதற்கு பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நமக்கு 70 அளவில் நிற்கிறது. மாற்று இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பார்த்தால் இது புரியும். பொருத்தப்பட்ட இதயத்துக்கு அந்த நரம்பின் தொடர்பு அறுந்துவிடுவதால் ஓய்விலும் அது 90, 100 என்று துடிக்கும்.

ஆக, உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு அதிகமாக இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது: பிரேக் தளர்ந்திருக்கிறது, அல்லது எதுவோ ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறது. உடற்பயிற்சி இல்லாமை, தூக்கக்குறைவு, நாள்பட்ட மன அழுத்தம் ஆகியவை பிரேக்கைத் தளர்த்துபவை. காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகைப்பு, சிகரெட், உடலில் நீர் வற்றுவது ஆகியவை மிதிப்பவை. பயிற்சியால் வலுப்பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை வெளியேற்றுகிறது. எனவே குறைந்த துடிப்பிலேயே அதன் வேலை முடிந்துவிடுகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். அங்கு 1948-இல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வு இன்று பேரப்பிள்ளைகளின் தலைமுறையையும் பின்தொடர்கிறது. ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் இதய நோய்க்கு வழிவகுக்கும் என்று இன்று சாதாரணமாகப் பேசுகிறோமே, அதை நிலைநாட்டியதில் அந்த ஊருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களின் 30 ஆண்டுப் பதிவுகளை அலசி 1987-இல் வெளியிட்ட கட்டுரை, ஓய்வுநிலைத் துடிப்பு அதிகமாக இருந்தவர்களிடையே இறப்பும் அதிகம் என்றது. குறிப்பாக ஆண்களின் திடீர் மரணங்களில் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

பாரிஸ் ஆய்வு இன்னும் துல்லியமானது. நடுத்தர வயதுடைய, இதய நோய் இல்லாத 5,713 ஆண் ஊழியர்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வில் 75-க்கு மேல் துடித்தவர்களுக்குத் திடீர் மாரடைப்பு மரணம் ஏறக்குறைய நான்கு மடங்கு. நான்கு மடங்கு என்றதும் நெஞ்சு பதறும். ஆனால் அந்த 23 ஆண்டுகளில், அத்தனை பேரில், அப்படித் திடீரென இறந்தவர்கள் மொத்தம் 81 பேர்தான். மடங்குக் கணக்கைச் சொல்லும் செய்திகள் பலவும் இந்த இரண்டாவது எண்ணை விட்டுவிடுகின்றன.

டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் ஆண்கள் 2,798 பேரை 16 ஆண்டுகள் கவனித்தார்கள். 50-க்குக் கீழ் துடித்தவர்களோடு ஒப்பிட்டால், 81 முதல் 90 வரை துடித்தவர்களுக்கு இறப்பு ஆபத்து இருமடங்கு, 90-ஐத் தாண்டியவர்களுக்கு மும்மடங்கு. வேகமாகத் துடிப்பவர் உடற்பயிற்சி இல்லாதவராக இருப்பார், அதனால்தான் முன்பே இறக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஒவ்வொருவரின் உடல் தகுதியையும் சைக்கிள் மிதிக்கவைத்து அளந்திருந்தார்கள். அதைக் கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு மறையவில்லை.

பெண்களுக்கும் இது பொருந்துமா? அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 1,29,135 பெண்களை ஆராய்ந்தபோது, 76-க்கு மேல் துடித்தவர்களுக்கு, 62-க்குக் கீழ் இருந்தவர்களைவிட மாரடைப்பு ஆபத்து 26 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பொருந்துகிறது, ஆனால் ஆண்களைப் போல அத்தனை பெரிய வேறுபாடு இல்லை.

இப்படிப்பட்ட 46 ஆய்வுகளை, பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை, ஒன்றாகச் சேர்த்து 2016-இல் கனடாவின் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு 10 துடிப்பு கூடும்போதும் எந்தக் காரணத்தாலும் ஏற்படும் இறப்பின் ஆபத்து 9 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் முடிவு. 9 விழுக்காடு என்றால் என்ன? குறிப்பிட்ட காலத்தில் ஆயிரம் பேரில் 100 பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், அதே வயதுடைய, ஆனால் 10 துடிப்பு கூடுதலான ஆயிரம் பேரில் 109 பேர் இறப்பார்கள். சிறிய வேறுபாடுதான். ஆனால் இல்லாத வேறுபாடல்ல.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது நார்வே ஆய்வு. அங்கே ஒரே ஆளின் துடிப்பைச் சுமார் பத்து ஆண்டு இடைவெளியில் இருமுறை அளந்தார்கள். ஆண், பெண் இருபாலரிலும் சேர்த்து 29,325 பேர். முதல்முறை 70-க்குக் கீழ் இருந்து, இரண்டாம்முறை 85-ஐத் தாண்டியவர்களுக்கு, இரண்டு முறையும் 70-க்குக் கீழேயே இருந்தவர்களைவிட, இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. அம்மாவின் புத்தகம் போன்ற ஒரு புத்தகத்தை ஒரு மாவட்டம் முழுவதற்கும் புரட்டிப் பார்த்தது போன்ற ஆய்வு இது. எண் எங்கே நிற்கிறது என்பதைப் போலவே, எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் பேசுகிறது.

வேகமே கெடுதலா, வேறு ஏதோ ஒன்றின் அறிகுறியா?

இரண்டுக்கும் சான்று இருக்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் ஊட்டும் குழாய்களில், முக்கியமாக இடப்பக்கக் குழாயில், இதயம் சுருங்கும்போது ரத்தம் சரியாக ஓடுவதில்லை. தளரும்போதுதான் ஓடுகிறது. நிமிடத்துக்கு 60 முறை துடித்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விநாடி கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி தளர்வு நேரம். 100-க்குப் போனால் அந்தத் தளர்வு நேரம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்குகிறது. வேலை கூடுகிறது, வேலைக்காரனுக்குச் சாப்பாட்டு நேரம் குறைகிறது. குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

1984-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குரங்குகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து, அவற்றில் சிலவற்றின் துடிப்பை அறுவை சிகிச்சையால் குறைத்துப் பார்த்தார்கள். மெதுவாகத் துடித்தவற்றின் இதயக் குழாய்களில் கொழுப்புப் படிவு தெளிவாகவே குறைந்திருந்தது. அவை வேறெங்கோ காட்டில் இருக்கும் அபூர்வ இனமல்ல. பத்துமலைப் படிக்கட்டில் நம் தேங்காயைப் பறிக்கும் அதே நீண்டவால் குரங்கினம்தான்.

அப்படியானால் மாத்திரை போட்டுத் துடிப்பைக் குறைத்துவிடலாமே? இதையும் சோதித்துவிட்டார்கள். ‘இவாப்ராடின்’ என்ற மருந்து இதயத் துடிப்பை மட்டுமே குறைப்பது, ரத்த அழுத்தத்தை அநேகமாகத் தொடாதது. இதயச் செயலிழப்பு உள்ள, 70-க்கு மேல் துடிக்கும் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்த ஆய்வு 2010-இல் நல்ல முடிவைத் தந்தது. இதய நோயால் இறப்பதும், செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வதும் சேர்ந்து 18 விழுக்காடு குறைந்தன. ஆனால் இதயக் குழாய் நோய் மட்டும் இருந்து, செயலிழப்பு இல்லாத 19,102 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டபோது, துடிப்பு 10 அளவில் குறைந்ததே தவிர, மாரடைப்பும் இறப்பும் குறையவில்லை. நெஞ்சுவலியால் அன்றாட வேலை கட்டுப்பட்டிருந்த பிரிவினருக்குச் சற்றே கெடுதலாகக்கூட அமைந்தது.

இந்தத் தோல்வி நமக்கு ஒரு பெரிய தகவல். பலருக்கு இந்த எண் ஒரு தபால்காரர் மாதிரி. அவர் கொண்டுவரும் கடிதத்தைப் படிக்க வேண்டும். அவரை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிட்டால் கடிதத்தில் இருப்பது மாறிவிடாது.

ஆயுளுக்கு இத்தனை துடிப்பு என்று கணக்கு உண்டா?

“எல்லாம் எண்ணி வைக்கப்பட்டது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். விலங்குகளைப் பார்த்தால் அதில் ஏதோ இருப்பது போலத்தான் தோன்றும். சுண்டெலி நிமிடத்துக்கு 600 அளவில் துடித்து இரண்டு ஆண்டில் முடிந்துவிடுகிறது. யானை 30 அளவில் துடித்து அறுபது ஆண்டு வாழ்கிறது. பெருக்கிப் பார்த்தால் பாலூட்டிகள் பலவற்றுக்கும் வாழ்நாள் துடிப்பு ஏறக்குறைய நூறு கோடி. 1997-இல் ஓர் அமெரிக்க மருத்துவர் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார். மனிதன் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. நமக்கு 75 ஆண்டில் ஏறக்குறைய 280 கோடி வருகிறது.

இதை வைத்து, “ஓடினால் துடிப்பு செலவாகிவிடும், சும்மா உட்கார்ந்திருப்பதே நல்லது” என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடற்பயிற்சி இல்லாதவருக்கு நாள் முழுவதும் 70 என்றால் ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்பு. இன்னொருவர் ஒரு மணிநேரம் 130-இல் நடந்து, மீதி 23 மணிநேரம் 60-இல் இருந்தால் 90,600 தான். சேமித்தவர் அவர்தான்.

நம் அன்றாடத்தில் எண்ணை ஏற்றுபவை

நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாத இனிப்பு நீர் கால் நரம்புகளைக் கெடுப்பது போலவே, இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் கெடுக்கிறது. முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்த ‘வேகஸ்’ பிரேக். எனவே ஓய்விலும் 90, 100 என்று துடிப்பு நிற்கும். நடந்தாலும் ஏறாது, தூங்கினாலும் இறங்காது. அதே நரம்புக் கோளாறு நெஞ்சுவலியையும் மங்கச் செய்துவிடுகிறது. வலியே தெரியாமல் மாரடைப்பு வந்துபோவது இவர்களுக்குத்தான் அதிகம். நீரிழிவோடு, காரணம் தெரியாத வேகத் துடிப்பும், எழுந்து நின்றால் தலைசுற்றலும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் துடிப்பு 10 அளவில் கூடும். இது இயல்பு, காய்ச்சலோடு இறங்கிவிடும். நம் நாட்டில் டெங்கி இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெங்கியில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். பலர் அதை குணமானதாக எண்ணி நிம்மதி அடைவார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு துடிப்பு ஏறினால், கை கால் சில்லிட்டால், வயிற்றுவலியோ விடாத வாந்தியோ இருந்தால், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் அது.

சிகரெட் ஒவ்வொன்றும் துடிப்பை ஏற்றுகிறது. கடைசி சிகரெட்டுக்குப் பின் இருபது நிமிடத்திலேயே அது இறங்கத் தொடங்கும். கோப்பி, தே தாரிக் பழகியவர்களுக்குப் பெரிய வேறுபாடு செய்வதில்லை. பழகாதவர்களுக்குச் செய்யும். சக்தி பானங்களை இரவு வேலைக்காரர்கள் டின் டின்னாகக் குடிப்பதைத்தான் கவனிக்க வேண்டும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புட்டமால் மருந்தும் துடிப்பை ஏற்றும். கர்ப்பிணிகளுக்கு 10 முதல் 20 வரை கூடுவது இயற்கை.

மது தனிக் கதை. தொடர்ந்து இரண்டு மூன்று நாள் அளவில்லாமல் குடித்தவர்கள் தாறுமாறான துடிப்போடு மருத்துவமனைக்கு வருவதைக் கண்ட அமெரிக்க மருத்துவர்கள் 1978-இல் அதற்கு ‘விடுமுறை இதயம்’ என்றே பெயர் வைத்தார்கள். தீபாவளி முடிந்த மறுநாளுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

வேகம் மட்டுமல்ல, ஒழுங்கும்

நாடி பிடிக்கும்போது எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள். ஆங்காங்கே ஒரு துடிப்பு தவறி மீண்டும் ஒழுங்குக்கு வருவது பலருக்கும் இருப்பது, பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் எந்த ஒழுங்கும் இல்லாமல், மிருதங்கம் பழகாதவர் தட்டுவது போல் முன்னும் பின்னுமாகத் துடித்தால் அது மேலறைத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். அதில் இதயத்தின் மேலறை சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும், அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும். பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு கூடுகிறது என்று சொன்னதும் அதே பிரேமிங்ஹாம் ஆய்வுதான். ஓர் இ.சி.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தால் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

நம் சித்த வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தது வேகத்தை எண்ணுவதற்காக மட்டுமல்ல. அதன் நடையைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். மேற்கில் கடிகாரம் வைத்து நாடியை எண்ணும் வழக்கத்துக்கு வழிவகுத்தவர் ஜான் பிளாயர் என்ற ஆங்கில மருத்துவர். சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து 1707-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார்.

எப்படி அளப்பது?

காலையில் விழித்ததும், கழிவறைக்குப் போய்வந்து, கோப்பிக்கு முன், ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே துடிப்பு உண்டு, குழப்பிவிடும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் முழு நிமிடமும் எண்ணுங்கள். கழுத்தில் பார்ப்பதானால் ஒரு பக்கம் மட்டும். இரு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் மயக்கம் வரலாம்.

ஒரு நாள் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஒரு வாரம் எழுதி அதன் சராசரியை உங்கள் வழக்கமான எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். நாளுக்குப் பத்து முறை பார்ப்பவர்களுக்குப் பார்க்கும் கவலையிலேயே துடிப்பு ஏறுகிறது. கிளினிக்கில் மாடிப்படி ஏறி, வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் ஓடிப்போய் உட்கார்ந்து எடுக்கும் எண் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

கைக்கடிகாரங்கள் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைக் கணக்கிடுகின்றன. அசையாமல் இருக்கும்போது நன்றாகவே அளக்கின்றன. வார் தளர்ந்தாலோ, கையை வேகமாக ஆட்டினாலோ, பச்சை குத்திய இடத்தில் அணிந்தாலோ தவறும். சில கடிகாரங்கள் தூக்கத்தின்போது உள்ள துடிப்பையும் சேர்த்து ‘ஓய்வுநிலை’ என்று காட்டுவதால் உங்கள் எண்ணும் நண்பரின் எண்ணும் ஒரே கணக்கில் வந்தவை என்று நினைக்க வேண்டாம்.

படியேறி நின்றதும் துடிப்பு எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதும் ஒரு நல்ல அளவு. மருத்துவமனையின் ஓட்டப் பரிசோதனையில், ஓட்டத்தை முடித்து மெதுநடைக்கு வந்த முதல் நிமிடத்தில் 12 துடிப்பாவது குறைய வேண்டும் என்பது பரவலான எல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு, நெஞ்சுவலி உள்ளவர்கள் பத்துமலையின் 272 படிகளை ஓடி ஏறிச் சோதிக்கக் கிளம்ப வேண்டாம். அதை மருத்துவமனையில் இ.சி.ஜி. கம்பிகளோடு செய்வதே முறை.

எப்போது மருத்துவரிடம் போவது?

ஓய்வில் 100-க்கு மேல் பல நாள் நீடித்தால் போக வேண்டும். உங்கள் வழக்கமான எண்ணைவிட 10, 15 கூடி, காய்ச்சல் போன்ற காரணம் எதுவும் இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே நின்றாலும் போக வேண்டும், அது 100-ஐத் தொடாவிட்டாலும். கூடவே உடல் இளைத்தல், கைநடுக்கம், அதிக வியர்வை என்றால் தைராய்டு, மூச்சு வாங்குதலும் வெளிறிய முகமும் என்றால் ரத்தசோகை என்று மருத்துவர் யோசிக்கத் தொடங்குவார். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்கள் இந்த இரண்டாவதைப் பல ஆண்டுகள் “சோர்வு” என்றே சொல்லிச் சமாளிக்கிறார்கள்.

மெதுவான துடிப்பு 50-க்குக் கீழ் இருந்து, உடற்பயிற்சிப் பழக்கமும் இல்லை, தலைசுற்றலோ மயக்கமோ இருக்கிறது என்றால் அதுவும் காத்திருக்கக்கூடியதல்ல. இதயத்தின் மின்பாதையில் தடை இருக்கலாம். அந்த வயதானவருக்கு வேண்டியது சத்து டானிக் அல்ல, பேஸ்மேக்கராக இருக்கலாம்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், மயங்கி விழுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் நாடியை எண்ணிக்கொண்டு உட்காராமல் 999-ஐ அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போகும் வேலை வேண்டாம்.

எண்ணை எப்படி இறக்குவது?

நடைதான் முதல் மருந்து. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவில் நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சில மாதங்கள் விடாமல் செய்தால் ஓய்வுநிலைத் துடிப்பு பலருக்கும் சில எண்கள் இறங்கும். இருபது எண் இறங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நம் வெயிலில் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஆறரைக்குப் பின்போ நடப்பது நல்லது. நீர் வற்றிய உடலோடு நடந்தால் துடிப்பு வேறு கணக்கில் ஏறும். யோகாவும் மெதுவான மூச்சுப் பயிற்சியும் அந்த ‘வேகஸ்’ பிரேக்குக்கு உதவுகின்றன. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்கள் தூக்க மூச்சடைப்புக்குப் பரிசோதனை செய்துகொண்டால், இரவு முழுவதும் இதயம் படும் அவதி குறையும்.

பிசோப்ரோலோல், அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்குத் துடிப்பு 55, 60 என்று காட்டுவது மருந்தின் வேலை. “குறைந்துவிட்டதே” என்று பயந்து தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறி, இதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பே வரலாம். டில்டியாசெம், வெராப்பமில் என்ற மாத்திரைகளும் துடிப்பைக் குறைப்பவை. வேறு வேறு கிளினிக்குகளில் மருந்து வாங்குபவர்கள், இவற்றில் ஒன்றை ஓரிடத்திலும் மற்றொன்றை இன்னோரிடத்திலும் வாங்கி, இரண்டையும் சேர்த்து விழுங்கி மயங்கி விழுவது நடக்கிறது. வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவர் மேசையில் வையுங்கள். எண் எழுதிய தாளையும் அதோடு வையுங்கள்.